1962-ல் வீட்டுக்கு அனுப்பினாங்க, 1971-ல் போரை நடத்தினார்: ஏர் சீஃப் மார்ஷல் பி.சி. லால்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

திருச்சி ரோட்டுல சூலூர் தாண்டிப் போறவங்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். பேசிட்டே போவோம், திடீர்னு தலைக்கு மேல ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தா அதுக்குள்ள விமானம் போயிருக்கும். அது தேஜஸ். பெங்களூருல ஹெச்.ஏ.எல். தயாரிக்கிற நம்ம நாட்டுப் போர் விமானம்.

2020 மே மாசம் சூலூர்ல ஒரு பழைய ஸ்குவாட்ரனுக்கு தேஜஸ் கொடுத்து மறுபடி உயிர் கொடுத்தாங்க. நம்பர் 18 ஸ்குவாட்ரன், 'ஃப்ளையிங் புல்லட்ஸ்'. இந்திய விமானப்படைக்கு இதுவரை கிடைச்சிருக்கிறது ஒரே ஒரு பரம்வீர் சக்ரா. அதை வாங்கின நிர்மல்ஜித் சிங் செகோன் இந்த ஸ்குவாட்ரன்காரர்தான். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஓடுபாதை மேல குண்டு விழுந்துட்டு இருக்கும்போதே தன் நேட் விமானத்தைக் கிளப்பி, ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்களோட சண்டை போட்டு உயிர் விட்டவர்.

சரி, ஒரு கேள்வி. 1971 போர்ல ராணுவத் தளபதி யாருன்னு கேட்டா உடனே சொல்லிடுவீங்க: சாம் மானெக்‌ஷா. விக்கி கௌஷல் நடிச்ச படம் கூட வந்தாச்சு. அதே போர்ல விமானப்படைத் தளபதி யாரு?

பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது. பேரு பிரதாப் சந்திர லால். சுருக்கமா பி.சி. லால். போருக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, இனிமே நீங்க வேண்டாம்னு அரசாங்கமே வேலையை விட்டு அனுப்பின ஆள். இன்னிக்கு அவர் கதைதான்.

முதல்ல மாஸ்கோ போயிட்டு வந்துடுவோம்

விமானப்படைத் தளபதின்னதும் நமக்கு சினிமாவுல வர்ற ஹீரோ பைலட் ஞாபகம் வரும். நிஜத்துல தளபதியோட வேலை வேற. விமானத்தை எங்கே நிறுத்தறது, எப்படி மூடி வைக்கறது, யார் உத்தரவுல அது கிளம்பணும், தரையில சண்டை போடுற படைக்கு எத்தனை நிமிஷத்துல உதவி போகணும்... இதெல்லாம்தான் அவர் வேலை. கேக்க அலுப்பா இருக்கும். ஆனா போர்ல ஜெயிக்கறதும் தோக்கறதும் இதுல இருக்கு.

இதுக்கு நல்ல உதாரணம் ஒரு சோவியத் தளபதி. 1971-ல் நம்ம படை ஓட்டின மிக்-21, சுகோய்-7, ஆன்டனோவ்-12, மி-4 ஹெலிகாப்டர் எல்லாம் சோவியத் சரக்கு. அந்த விமானப்படை எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா லால் கதையும் சுலபமாப் புரியும்.

1941 ஜூன் 22 அதிகாலை. ஹிட்லரோட படை சோவியத் யூனியனுக்குள்ள நுழையுது. முதல் நாள்லயே சோவியத் பக்கம் ஏறக்குறைய 1,200 விமானங்கள் காலி. அதுல பெரும்பகுதி வானத்துக்கே போகலை. விமான நிலையங்கள்ல வரிசையா, மறைவில்லாம நின்னுட்டு இருந்தது. மேல இருந்து வந்தவனுக்கு அது சந்தையில அடுக்கி வெச்ச தேங்கா மாதிரி.

அதுக்கு முன்னாடியே ஸ்டாலின் தன் விமானப்படையோட தலையை வெட்டிட்டு இருந்தார். படைக்குத் தலைமை வகிச்ச பாவெல் ரிச்சாகோவ் முப்பது வயசுக்காரர். ஏன் இத்தனை விபத்துன்னு கேட்டப்போ, நீங்க கொடுக்கிற விமானம் எல்லாம் பறக்கிற சவப்பெட்டின்னு ஸ்டாலின் முகத்துக்கு நேராவே சொன்னதா சொல்லுவாங்க. 1941 ஏப்ரல்ல பதவி போச்சு. போர் ஆரம்பிச்சு ரெண்டு நாள் கழிச்சு கைது. அக்டோபர்ல சுட்டுக் கொன்னுட்டாங்க.

இந்த இடிபாட்டை எடுத்து நிறுத்தினவர்தான் அலெக்சாந்தர் நோவிகோவ். 1900-ல் பிறந்தவர். ஆரம்பத்துல காலாட்படைக்காரர், முப்பது வயசுக்கு மேலதான் விமானப்படைக்கு வந்தார். 1942 ஏப்ரல்ல சோவியத் விமானப்படைத் தளபதி ஆனார்.

அவர் செஞ்ச பெரிய வேலையை ரெண்டு வரியில சொல்லிடலாம். அதுவரைக்கும் விமானங்கள் ஒவ்வொரு தரைப்படைத் தளபதி கையிலயும் கொஞ்சம் கொஞ்சமா சிதறிக் கிடந்தது. அதையெல்லாம் ஒண்ணு சேர்த்து 'ஏர் ஆர்மி'ங்கிற பெரிய அமைப்புகளா மாத்தினார். எங்கே தேவையோ அங்கே மொத்தமா குவிக்கலாம், ஆனா தரைப்படையோட சேர்ந்தே திட்டம் போடணும். ஸ்டாலின்கிராட், கூர்ஸ்க், பெர்லின்னு போன எல்லா இடத்துலயும் இந்த ஏற்பாடு பலன் கொடுத்தது. 1944-ல் அவருக்கு தலைமை ஏர் மார்ஷல் பதவி. 1945-ல் ரெண்டு தடவை சோவியத் யூனியனோட வீரர் பட்டம்.

நோவிகோவ் கதை இதோட முடியலை. மிச்சத்தை கடைசியில சொல்றேன்.

பத்திரிகைப் படிப்பு படிச்ச பைலட்

இப்ப லால். 1916 டிசம்பர்ல லூதியானாவுல பிறந்தார். 1934-ல், 17 வயசுல, டெல்லி ஃப்ளையிங் கிளப்ல விமானம் ஓட்டற லைசென்ஸ் வாங்கிட்டார். ஆனா அதைத் தொழிலா நினைக்கலை. லண்டன் கிங்ஸ் காலேஜ்ல பத்திரிகைத் துறை டிப்ளமா படிச்சார். மேல சட்டம் படிக்கிற யோசனை. 1939-ல் உலகப்போர் வந்துடுச்சு. அந்த வருஷமே விமானப்படையில சேர்ந்தார்.

1944-ல் பர்மா முனையில 7-வது ஸ்குவாட்ரனுக்குத் தலைவர். முதல்ல வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானம், அப்புறம் ஹரிக்கேன். தரைப்படை காட்டுக்குள்ள ஜப்பான்காரங்களோட சண்டை போடும், இவங்க மேல இருந்து உதவணும். 1945-ல் டி.எஃப்.சி. விருது கிடைச்சுது. தரையில இருக்கிற சிப்பாய்க்கு விமானம் எப்பத் தேவைப்படும், எவ்வளவு பக்கத்துல குண்டு போடலாம்னு அங்கேதான் நேர்ல பார்த்துக் கத்துக்கிட்டார்.

சுதந்திரத்துக்கு அப்புறம் தலைமையக வேலைகள். 1957-ல இருந்து அஞ்சு வருஷம் இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன்ல ஜெனரல் மேனேஜர். போர் விமானியை பயணிகள் விமானக் கம்பெனிக்கு அனுப்பினா ஓரங்கட்டற மாதிரிதான் வெளியில தெரியும். ஆனா ஒரு விமானம் ஒரு நாள்ல எத்தனை மணி நேரம் பறக்குது, பழுது பார்க்க எவ்வளவு நேரம் ஆகுது, உதிரி பாகம் எப்ப வரும்ங்கிற கணக்கெல்லாம் அங்கே அவருக்கு அத்துப்படி ஆச்சு.

1962: ரெண்டு பேருக்கும் ஒரே அமைச்சர்

1962 செப்டம்பர். அப்ப பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். நம்ம பாலக்காட்டுக் கணவாய் தாண்டினா வர்ற கோழிக்கோட்டுக்காரர். படிச்சவர், பேச்சாளர், நேருவுக்கு நெருக்கமானவர். அதே சமயம் தளபதிகளோட ஒத்துப்போகாதவர்னு பேர் வாங்கினவர். அவருக்கும் லாலுக்கும் கருத்து வேறுபாடு. லாலோட விமானப்படை வேலையை முடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அதே காலத்துல இங்கே நீலகிரியில என்ன நடந்துட்டு இருந்ததுன்னு பாருங்க. குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல ராணுவ ஸ்டாஃப் காலேஜ். அதோட தலைவர் மேஜர் ஜெனரல் சாம் மானெக்‌ஷா. அவர் மேலயும் ஒரு விசாரணை. தேசப்பற்று இல்லாம பேசினார்ங்கிற மாதிரி குற்றச்சாட்டு. விசாரணையில ஒண்ணும் நிக்கலை. ஆனா அவரோட எதிர்காலம் அந்தரத்துல தொங்குச்சு.

ஆக, 1962-ல் ஒருத்தர் வேலை இல்லாம வீட்டுல. இன்னொருத்தர் விசாரணையில. ஒன்பது வருஷம் கழிச்சு இந்த ரெண்டு பேரும்தான் ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் தலைவர்கள்.

நடுவுல வந்தது சீனப் போர். 1962 அக்டோபர் 20-ல் ஆரம்பிச்சுது. தோல்விக்கு மேல தோல்வி. கிருஷ்ண மேனன் பதவி விலக வேண்டியதாச்சு. அந்தப் போர்ல நம்ம சண்டை விமானங்களைக் குண்டுவீச அனுப்பவே இல்லை. சரக்கு ஏத்தறதும் ஆள் ஏத்தறதும்தான் நடந்தது. மேனன் போனதும் லாலைத் திரும்பக் கூப்பிட்டு விமானப்படையில சேர்த்துக்கிட்டாங்க. மானெக்‌ஷாவை வடகிழக்குக்கு, 4-வது கோர் தலைவரா அனுப்பினாங்க.

இங்கே ஒண்ணு சொல்லணும். அமைச்சர் ஒரு தளபதியை நீக்கலாம். ஜனநாயகத்துல அதுக்கு அதிகாரம் உண்டு, இருக்கவும் வேணும். நீக்கினதுக்கு அப்புறம் என்ன நடக்குதுங்கிறதுல்தான் விஷயம் இருக்கு.

1965: தரையில எரிஞ்ச விமானங்கள்

1964-ல் லால் விமானப்படையோட துணைத் தளபதி. தளபதி அர்ஜன் சிங். அடுத்த வருஷமே பாகிஸ்தானோட போர்.

1965 செப்டம்பர் 6 சாயந்திரம் பதான்கோட் விமானத்தளத்து மேல பாகிஸ்தான் சேபர் விமானங்கள் வந்துச்சு. நம்ம விமானங்கள் தரையில நின்னுட்டு இருந்தது. சுமார் பத்து போச்சு. அதுல புத்தம் புதுசா வந்திருந்த மிக்-21-ம் ரெண்டு. மறுநாள் மேற்கு வங்காளத்துல கலைகுண்டா தளத்துல அதே கதை. அங்கே கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் எரிஞ்சுது.

1941 ஜூன் 22 ஞாபகம் வருதா? அளவு சின்னது, ஆனா பாடம் ஒண்ணுதான். நிக்கிற விமானம் ஒரு இலக்கு, அவ்வளவுதான். 1967-ல் இஸ்ரேல் எகிப்து விமானப்படையை ஒரே காலையில தரையிலயே அழிச்சப்போ உலகம் மொத்தத்துக்கும் இந்தப் பாடம் திரும்ப ஒரு தடவை நடந்துச்சு.

இன்னொரு குறையையும் லால் கவனிச்சார். ராணுவமும் விமானப்படையும் 1965-ல் சேர்ந்து திட்டம் போடலை. ஒரே போரை ரெண்டு பேரும் தனித்தனியா நடத்தினாங்க. இதை அவர் பின்னாடி தன் நினைவுக்குறிப்புலயே வெளிப்படையா எழுதியிருக்கார். மறைக்கலாம்னு நினைச்சிருந்தா மறைச்சிருக்கலாம், ஏன்னா அந்தப் போர்ல அவரே துணைத் தளபதி.

ஃபேக்டரியில மூணு வருஷம்

1966-ல லால் மறுபடி சீருடை வேலையில இருந்து வெளியே. இந்தத் தடவை ஹெச்.ஏ.எல். தலைவர். பெங்களூருல நேட் விமானமும், நம்மளே வடிவமைச்ச எச்.எஃப்-24 மாருத்தும் தயாராகுது. நாசிக்ல மிக்-21 உடம்பு, கோராபுட்ல அதோட இன்ஜின், ஹைதராபாத்ல மின்னணுக் கருவிகள். சோவியத் உதவியோட இந்த மொத்தச் சங்கிலியும் உருவாகிட்டு இருந்த காலம்.

நம்ம ஊர்ல பம்ப், மோட்டார் ஃபேக்டரி நடத்தறவங்களுக்கு இது நல்லாவே புரியும். ஒரு மெஷினை வாங்கி ஓட்டறவனுக்கும், அதைத் தயாரிக்கறவனுக்கும் அதைப் பத்தின அறிவு வேற வேற. எந்த பாகம் சீக்கிரம் தேயும், எது தாங்கும், பழுதானா எத்தனை நாள்ல ஷெட்டுக்கு வெளியே வரும்னு தயாரிக்கறவனுக்குத்தான் தெரியும். லாலுக்கு ரெண்டும் தெரிஞ்சுது. 1971-ல் ஸ்ரீநகர்ல செகோன் ஓட்டினாரே நேட், அந்த வகை விமானத்தை பெங்களூருல கட்டினது ஹெச்.ஏ.எல்.தான்.

1969: யாரும் கவனிக்காத வேலை

1969 ஜூலை 16. லால் விமானப்படைத் தளபதி ஆனார். அதுக்கு அப்புறம் ரெண்டரை வருஷம் அவர் செஞ்சதுதான் இந்தக் கதையோட முக்கியமான பகுதி. அதுல சினிமா எடுக்க ஒண்ணும் கிடையாது.

எல்லையோரத் தளங்கள்ல விமானங்களுக்குக் காங்கிரீட் ஷெல்டர் கட்டற வேலை 1965-க்கு அப்புறம் ஆரம்பிச்சது. அது வேகமா முடிஞ்சுது. ஒரு விமானம், அதுக்கு ஒரு கெட்டியான கூடு. ரன்வேயில குண்டு விழுந்தா உடனே பள்ளத்தை மூட ஆளும் சாமானும் தயார். ரேடார் கண்காணிப்புல ஓட்டை இருந்த இடத்துல, தாழப் பறந்து வர்ற விமானத்தைக் கண்ணால பார்த்து ரேடியோவுல சொல்ல ஆட்கள்.

அடுத்தது, எது முதல் வேலைங்கிற தெளிவு. முதல்ல நம்ம நாட்டையும் நம்ம தளங்களையும் காப்பாத்தணும். அதுக்கு அடுத்ததே தரைப்படைக்கும் கடற்படைக்கும் உதவி. தூரத்து நகரங்கள் மேல குண்டு போட்டுப் பேர் வாங்கற ஆசையெல்லாம் பின்னாடிதான். அதுக்கு ஏத்த மாதிரி ராணுவத் தலைமையகங்கள் பக்கத்துலயே விமானப்படை அதிகாரிகளும் உட்கார்ந்து திட்டம் போட ஏற்பாடு பண்ணினாங்க. நோவிகோவ் 1942-ல் போட்ட அதே கணக்கு. விமானங்கள் ஒரு கையில இருக்கணும், ஆனா திட்டம் சேர்ந்து போடணும்.

1971 டிசம்பர்: பரீட்சை

டிசம்பர் 3, சாயந்திரம் 5:40 வாக்குல. பாகிஸ்தான் விமானங்கள் அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர்னு மேற்குத் தளங்கள் மேல ஒரே நேரத்துல பாய்ஞ்சுது. 1965-ல் பதான்கோட்ல நடந்ததை இந்தத் தடவை மொத்த எல்லையிலயும் செய்யறது திட்டம்.

பெருசா ஒண்ணும் நடக்கலை. ரன்வேயில பள்ளம் விழுந்துச்சு, மூடிட்டாங்க. விமானங்கள் கூட்டுக்குள்ள பத்திரமா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே நம்ம கான்பெராக்கள் பதிலுக்குக் கிளம்பிடுச்சு. போரோட முதல் அரை மணி நேரத்தை லால் ஜெயிச்சது சிமென்ட்டாலயும் கம்பியாலயும்.

கிழக்குல, அதாவது இன்னிக்கு வங்கதேசத்துல, பாகிஸ்தானுக்கு ஒரே ஒரு சேபர் ஸ்குவாட்ரன். டாக்கா தேஜ்காவ் ரன்வேதான் அதுக்கு உயிர். மிக்-21 விமானங்கள் செங்குத்தா இறங்கி அந்த ரன்வேயை உடைச்சுது. டிசம்பர் 7-க்குள்ள அங்கே பாகிஸ்தான் விமானம் எதுவும் கிளம்ப முடியாத நிலை.

வானம் காலியானதும் தரையில நடக்கறது வேற லெவல்ல மாறிடுச்சு. டிசம்பர் 9-ல் மேக்னா ஆத்துப் பாலம் உடைஞ்சு கிடக்க, மி-4 ஹெலிகாப்டர்கள் படையைத் தூக்கி அக்கரையில இறக்குச்சு. டிசம்பர் 11-ல் டாங்கைல்ல பாராசூட் படை குதிச்சுது. எதிரி விமானம் ஒண்ணு வானத்துல இருந்திருந்தாலும் மெதுவாப் போற இந்த ஹெலிகாப்டர்களை இப்படி அனுப்பியிருக்க முடியாது.

டிசம்பர் 14. டாக்கா கவர்னர் மாளிகையில ஒரு முக்கியமான கூட்டம்னு தகவல் சிக்குச்சு. மிக்-21-கள் போய் அந்தக் கட்டடத்து மேல ராக்கெட் விட்டுச்சு. கவர்னர் மாலிக் பதுங்குகுழியில இருந்தே ராஜினாமா எழுதினார். ரெண்டே நாள்ல, டிசம்பர் 16, சரணடைவு. ஏறக்குறைய 93,000 பேர் கைதி.

மேற்குல லோங்கேவாலா. 'பார்டர்' படம் பார்த்தவங்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க ஒரு சின்னப் படை டாங்கிகளைத் தடுத்து நிறுத்துச்சு. விடியற வரைக்கும் ஜெய்சால்மேர்ல இருந்த ஹன்ட்டர் விமானங்களால கிளம்ப முடியலை, ராத்திரி தாக்குற வசதி அதுல இல்லை. விடிஞ்சதும் வந்து பாலைவனத்துல டாங்கிகளை ஒண்ணொண்ணா அடிச்சுது.

எல்லாம் சரியா நடந்துச்சுன்னு சொல்ல வரலை. தரைப்படைக்கு உதவப் போய் தாழப் பறந்த சுகோய்-7 விமானங்கள் நிறைய அடி வாங்குச்சு. காஷ்மீர்ல சம்ப் பகுதியை நம்ம ராணுவம் இழந்துச்சு. ஸ்ரீநகர்ல செகோன் போனார். தரைப்படைக்கு உதவிங்கிறதை முன்னுரிமையா வெச்சா அதுக்கு விலை இருக்கும். லால் அதைத் தெரிஞ்சேதான் முடிவெடுத்தார்.

நோவிகோவுக்கு என்ன ஆச்சு?

இப்ப அந்த மிச்சக் கதை. பெர்லின் விழுந்து ஒரு வருஷம்கூட முழுசா ஆகலை. 1946 ஏப்ரல்ல நோவிகோவைக் கைது பண்ணினாங்க. மோசமான விமானங்களை வாங்கினார்னு குற்றச்சாட்டு. விமானத் தொழில்துறை அமைச்சர் ஷாகூரினும் உள்ளே. தூங்க விடாம, நாள் கணக்கா விசாரணை. அதோட நோக்கம் வேற. போர் நாயகன் ஜுகோவுக்கு எதிரா ஒரு வாக்குமூலம் தேவைப்பட்டுச்சு. கையெழுத்து வாங்கிட்டாங்க. அஞ்சு வருஷம் தண்டனை, ஆனா வெளிய விட்டது 1952-ல். அதாவது ஆறு வருஷம். ஸ்டாலின் செத்த பிறகு, 1953-ல், குற்றமற்றவர்னு அறிவிச்சாங்க. கடைசிக் காலத்துல லெனின்கிராட்ல பயணிகள் விமானத்துறைக் கல்லூரி ஒண்ணுக்குத் தலைவரா இருந்துட்டு 1976-ல் இறந்தார்.

லாலும் நோவிகோவும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செஞ்சவங்க. தோல்வியில இருந்து பாடம் எடுத்தாங்க, விமானத்தையும் தரைப்படையையும் ஒரே திட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க, ஜெயிச்சாங்க. ஆட்சியில இருந்தவங்களோட ரெண்டு பேருக்கும் உரசல் வந்துச்சு. அங்கே ஜெயிச்சவரைச் சிறையில போட்டாங்க. இங்கே வேலையை விட்டு அனுப்பினவரைத் திரும்பக் கூப்பிட்டாங்க. இங்கே இருந்தவங்க எல்லாம் ரொம்ப நல்லவங்க, அதனாலன்னு சொல்ல முடியாது. ஒரு அமைச்சர் தப்பு பண்ணினா அவரைக் கேள்வி கேட்க நாடாளுமன்றமும் பத்திரிகையும் இருந்துச்சு. சீனப் போருக்கு அப்புறம் ரெண்டும் கேட்டுச்சு. அமைச்சர் போனார், தளபதி வந்தார்.

லால் 1973 ஜனவரியில ஓய்வு பெற்றார். 1972-லயே பத்ம விபூஷண் கிடைச்சிருந்தது. அப்புறம் இந்தியன் ஏர்லைன்ஸ் தலைவர். 1982 ஆகஸ்ட்ல லண்டன்ல இறந்தார். விமானப்படை வாழ்க்கையைப் பத்தின அவர் புத்தகம் அவர் இறந்த பிறகு, 1986-ல்தான் வெளிவந்துச்சு.

மானெக்‌ஷா ஓய்வுக்கு அப்புறம் நம்ம குன்னூர்லயே குடியிருந்தார். 2008-ல் வெலிங்டன்ல இறந்தார், ஊட்டி பார்சி கல்லறையில இருக்கார். குன்னூர்ல அவர் வீட்டுக்கு வெச்ச பேரு 'ஸ்டாவ்கா'. ரஷ்ய மொழியில போர்த் தலைமையகம்னு அர்த்தம். ரெண்டாம் உலகப்போர்ல ஸ்டாலினும் ஜுகோவும் இருந்த தலைமையகத்துக்கு அந்தப் பேருதான். நோவிகோவ் அதோட பிரதிநிதியாதான் முனைகளுக்குப் போயிட்டு வந்தார்.

அடுத்த தடவை சூலூர் பக்கம் போறப்ப, தேஜஸைப் பார்க்க அண்ணாந்து பார்ப்பீங்க. பாருங்க. அது இறங்கினதும் எங்கே போய் நிக்குதுன்னும் ஒரு நிமிஷம் யோசிங்க. லால் தன் நேரத்தை அதிகமா செலவழிச்சது அந்த விஷயத்துலதான்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, 'சாம் பகதூர்' பார்த்துட்டு 1971 பத்திப் பேசற உங்க நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வர்றேனுங்க.